நல்லபெருமாளைப் போல

எங்கள் அலுவலகத்துக் கணினிகள் உவமைகளைக் கேட்டு நடப்பவை. திரையில் எழுத்து சிறியதாக இருக்கிறது, பெரிதாக்கு என்று அவற்றிடம் சொல்லிப் பயனில்லை. அந்த மாதிரிப் பேச்சு அவற்றுக்குப் புரியாது. கண்ணாடியை ஊரில் மறந்துவிட்டு வந்த அண்ணனுக்குத் தங்கை கடிதம் வாசித்துக் காட்டுவதுபோல இரு என்று சொல்ல வேண்டும். உடனே எழுத்துகள் பெரிதாகிவிடும். வருத்தமான செய்தி ஏதாவது இருந்தால் அதைக் கடைசியில் காட்டும்.

நான் வேலை பார்ப்பது மாவட்டக் கிணறுகள் பதிவகத்தில். மாவட்டத்தில் தோண்டப்படும், தூர்க்கப்படும், கைமாறும் கிணறுகள் எல்லாம் எங்களிடம் பதிவாக வேண்டும். முப்பத்தொரு பேர் இருக்கிறோம். என் பெயர் நல்லபெருமாள். வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே அலுவலகத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிய இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி உலகம்மாள் தென்காசியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். பதினொரு ஆண்டுகளாக மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம். தென்காசியிலும் ஒரு கிணறுகள் பதிவகம் உண்டு. அங்கே இடமாற்றம் கேட்டு ஆறு முறை விண்ணப்பித்திருந்தேன்.

கணினிகள் வந்த புதிதில் ஆளுக்கொரு உவமையைச் சொல்லி அவரவர் திரையை அமைத்துக்கொண்டோம். ஆவணக் காப்பாளர் கோதண்டம், பகல் மூன்று மணிக்கு டீக்கடை பெஞ்சு மாதிரி இருக்கட்டும் என்றார். அவருடைய திரையில் கோப்புகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், ஒன்று எழுந்து போனால் மற்றவை சற்றுத் தள்ளி உட்கார்ந்தன. எனக்குப் பக்கத்து மேசை ஜெசிந்தா, மாமியார் ஊருக்குப் போயிருக்கும்போது என் சமையல்கட்டு மாதிரி என்றாள். எல்லாம் கைக்கெட்டும் இடத்துக்கு வந்துவிட்டன. கண்காணிப்பாளர் வேதரத்தினம் வேதாரண்யத்துக்காரர். தேர் நிலையை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நிமிடம் மாதிரி என்று சொல்லிவிட்டார். அவருடைய திரை நகர வேண்டுமென்றால் நாங்கள் ஐந்தாறு பேர் போய்க் கூட நிற்க வேண்டியிருந்தது.

நான் மூன்று நாள் யோசித்தேன். எதைச் சொன்னாலும் அது என்னைப் பற்றி எதையோ தெரிந்துகொண்டுவிடும் என்று தோன்றியது. தெரிந்துகொண்டதை அது யாரிடம் சொல்லும் என்றும் தெரியவில்லை. கடைசியில், வெளியூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைப் போல இரு என்றேன். அப்படியே இருந்தது. பெயர் கேட்கவில்லை. நான் கையை நீட்டினால் முழங்கையை ஒதுக்கிக்கொண்டது. நான்கு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

அதன் பிறகு டீக்கடைக்காரர் பெஞ்சை எடுத்துவிட்டு நாற்காலிகள் போட்டார். கோதண்டத்தின் கோப்புகள் அன்றே சாய்வதை நிறுத்தின. அடுத்த வாரம் ஜெசிந்தாவின் மாமியார் இறந்துபோனார். ஊருக்குப் போவதற்கு மாமியார் இல்லாததால், எப்படி இருப்பது என்று தெரியாமல் அவளுடைய திரை மூன்று நாள் சாம்பல் நிறத்தில் நின்றது. பல மாவட்டங்களிலும் இப்படி நடந்திருக்க வேண்டும். தலைமையகத்தின் உவமைப் பிரிவிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொருவரும் தம் உவமையைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். எந்தப் பொருளுக்கு ஒப்பிடுகிறார்களோ அந்தப் பொருள், அதாவது உவமானம், மாறாத தன்மை உடையது என்று கையெழுத்திட வேண்டும். ஏழு நாள் அவகாசம்.

எல்லோரும் மாறாத ஒரு பொருளைத் தேடி அலைந்தார்கள். மலை என்று நினைத்தவர்கள் போய்ப் பார்த்தபோது பாதி மலை லாரியில் போயிருந்தது. நாற்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்த ஒரு வழக்கை ஒருவர் கண்டுபிடித்தார். அந்த வாரமே தீர்ப்பு வந்துவிட்டது. மூன்றாம் நாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு தென்காசி போனேன்.

திரும்பி வந்து கணினியைத் திறந்தபோது திரை உடனே வெளிச்சமாகவில்லை. சங்கிலியை மாட்டியபடியே கதவைத் திறப்பவர்களைப் போல ஒரு ஓரம் மட்டும் வெளுத்தது.

"நான்கு நாள் நீங்கள் வரவில்லை" என்று எழுதியது.

விடுப்பு என்று தட்டினேன்.

"அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றது.

ஒரு கிணற்றைப் பதிவு செய்ய முனைந்தேன். ஆழம் நாற்பத்திரண்டு அடி. யார் அளந்தார் என்று கேட்டது. நில அளவர் என்றேன். அவர் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தாரா என்று கேட்டது. அது சரியான கேள்விதான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதனாலேயே எனக்கு உறுத்தியது. இருபத்திரண்டு வருட வேலையில் நான் கேட்கக்கூடிய கேள்வியை என்னிடமே யாரும் கேட்டதில்லை.

என்னுடைய உவமையை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது. யார் என்பதுதான் தெரியவில்லை. அன்றிலிருந்து எல்லோரையும் கவனிக்க ஆரம்பித்தேன். அப்போது இன்னொன்று தெரிந்தது. அவர்களும் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் நான் உட்கார்ந்ததும் ஜெசிந்தா ஒரு முறை திரும்பிப் பார்ப்பாள். என் தலைமுடி, சட்டைப் பை, பேனா. பார்த்துவிட்டு ஒரு சிறிய நோட்டில் கோடு போடுவாள். பதினொரு மணிக்குக் கோதண்டம் ஏதோ கோப்பைத் தேடுவதுபோல வந்து என் மேசைக்கு அடியில் குனிந்து செருப்பைப் பார்த்துவிட்டுப் போவார். நான் தண்ணீர் குடித்தால் யாராவது ஒருவர் எண்ணுவார். என் முதுகுப் பக்கத்து ஜன்னலை நான் நம்பியதில்லை. இப்போது முன்பக்கத்தையும் நம்ப முடியாமல் போய்விட்டது.

ஒரு நாள் வழக்கமான தயிர்சாதத்துக்குப் பதிலாகப் புளியோதரை கொண்டுபோயிருந்தேன். பக்கத்து வீட்டில் கொடுத்தது. டப்பாவைத் திறந்ததும் ஜெசிந்தா எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், என்ன சார் இது?"

"புளியோதரை."

"எதுக்கு சார் இந்த வேலை உங்களுக்கு? நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு."

அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து கோதண்டம் கத்தினார். "யம்மா ஜெசிந்தா, என்னோடது நின்னு போச்சு! உன்னோடது?"

"எல்லாரோடதும் நின்னுடுச்சு அண்ணே. சார் புளியோதரை சாப்பிடுறாரு."

வேதரத்தினம் தன் அறையிலிருந்து வந்து என் டப்பாவைப் பார்த்தார். "நல்லபெருமாள், உங்களுக்கு வேணுங்கிறதை வீட்ல வச்சுச் சாப்பிடுங்க, யாரு வேணாங்கிறா. ஆபீஸ்ல வேண்டாம்" என்றார். கோதண்டம் ஓடிப்போய்த் தயிர்சாதம் வாங்கிவந்தார். நான் நான்கு வாய் சாப்பிட்டதும் வரிசையாகத் திரைகள் ஒளிர்ந்தன. என்னிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதை நம்ப வேண்டியிருக்கும்.

அந்த மாதம் பத்தாம் தேதி என்னுடைய இடமாற்ற ஆணை வந்தது. தென்காசி. அதன் பின்னாலேயே இன்னொரு கடிதம் குத்தப்பட்டிருந்தது. மேற்படி ஆணை ரத்து செய்யப்படவில்லை, ஆனால் தாங்கள் உவமானமாக இருப்பதால் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று அதில் இருந்தது.

உலகம்மாளுக்குப் போன் செய்து ஆணை வந்ததை மட்டும் சொன்னேன்.

"நெசமாத்தானா? அப்பம் நான் வீட்டுக்காரருகிட்ட என்ன சொல்லட்டும்?" என்றாள். அவள் இருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஒரே வீட்டுக்காரரிடம் இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தாள். "மாடில ரெண்டு ரூம்பு. கீழ ஒத்த ரூம்பு. நீங்க வாரியன்னா மாடி. இல்லன்னா எனக்குக் கீழயே போதும். முப்பதாம் தேதி வரைக்குந்தான் பொறுப்பாராம்."

"வாரேன்."

"போன வருசமும் வாரேன்னுதான் சொன்னிய. அதுக்கு முந்தின வருசமும். எனக்கு இனிம கேட்டுக்கிட்டே இருக்கதுக்குத் தெம்பு இல்ல, பாத்துக்கோங்க. கீழ வீட்டப் பிடிச்சேன்னா அப்புறம் உங்கள வரச்சொல்லிக் கேக்க மாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

மறுநாள் வேதரத்தினத்தின் அறைக்குப் போய், என்னை உவமானமாக எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

"உவமைப் படிவம் ரகசியம்ங்க" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சாகணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க? நல்ல விதமாத்தானே எழுதியிருக்கு." அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து படிவக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

முப்பத்தொரு படிவங்கள். முதலாவதை எடுத்தேன். கோதண்டத்தின் கையெழுத்து. 'இவ்விடத்தில் பணிபுரியும் திரு. நல்லபெருமாளைப் போல. எப்போதும் இருப்பார். எதையும் நம்பமாட்டார்.' இருப்பார் என்பதற்குப் பிறகு 'பாவம்' என்று ஒரு சொல் எழுதி அடிக்கப்பட்டு, அடித்ததற்குச் சுருக்கொப்பம் இடப்பட்டிருந்தது.

இரண்டாவது படிவம் ஜெசிந்தாவினுடையது. அதே வாசகம். அதே இடத்தில் 'பாவம்' என்று எழுதி, அதே மாதிரி அடித்து, தன்னுடைய சுருக்கொப்பத்தைப் போட்டிருந்தாள். மூன்றாவது, நான்காவது, எல்லாம் அப்படியே. வேதரத்தினமும் பாவம் என்று எழுதி அடித்திருந்தார்.

எங்கள் அலுவலகத்தில் எந்தப் படிவத்தையும் யாரும் முதலில் நிரப்புவதில்லை. முதலில் நிரப்புகிறவரைத்தான் பிறகு விளக்கம் கேட்பார்கள். யாராவது நிரப்பட்டும் என்று காத்திருந்து, நிரப்பியதும் அதை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொள்வோம். அடித்தல் திருத்தல்களையும் விடுவதில்லை. அதுவும் தேவையாக இருக்கக்கூடும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது இது.

முப்பத்தொன்றாவது படிவம் என்னுடையது. நான் விடுப்பில் இருந்ததால் ஜெசிந்தா நிரப்பியிருந்தாள். என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் போட்டிருந்தாள். திரு. நல்லபெருமாளைப் போல. எப்போதும் இருப்பார். பாவம். என் சுருக்கொப்பம். எதையும் நம்பமாட்டார்.

யாரைப் பார்த்து எழுதினாய் என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"கோதண்டம் அண்ணனைப் பாத்துதான் சார்."

கோதண்டத்திடம் கேட்டேன். "நம்ம கண்காணிப்பாளர் சார் வச்சிருந்தாரு, அதைப் பாத்து எழுதினேன்" என்றார்.

வேதரத்தினத்திடம் கேட்டேன். "ஜெசிந்தா கொண்டுவந்து குடுத்துச்சு. அதைப் பாத்துதாங்க போட்டேன்."

மற்றவர்கள் இந்த மூவரில் ஒருவரைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் எல்லோர் பெயரையும் எழுதி அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் முதலில் எழுதவுமில்லை.

அன்று மாலை வெகுநேரம் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். பாவம் என்று முதலில் நினைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நினைத்தவர், உடனே மனம் மாறி அடித்தவர். அவரை எனக்குப் பிடித்திருக்கும். அல்லது அவர் பாவம் என்று எழுதியது கிண்டலுக்காகவும் இருக்கலாம். எதையும் நம்பமாட்டேன் என்று எழுதியிருப்பது எவ்வளவு தூரம் உண்மை? நான் சந்தேகப்படுகிறேன் என்பது வேறு, நம்பவில்லை என்பது வேறு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். திரையிடம் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டது.

உவமை விதிகளை வேதரத்தினமே எடுத்துக் கொடுத்தார். பதினெட்டாம் விதியின்படி, உவமானம் தன் இயல்பில் மாறி, மாறிய நிலையிலேயே தொடர்ந்து பதினைந்து நாள் இருந்தால் அது உவமானமாக இருக்கும் தகுதியை இழக்கிறது. ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றளிக்க வேண்டும். தேதி பதினைந்து ஆகியிருந்தது. பதினாறாம் தேதி காலையிலிருந்து நான் நம்ப ஆரம்பித்தால் முப்பதாம் தேதிக்குச் சரியாக இருக்கும்.

பதினாறாம் தேதி வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்கினேன். கையில் அரிப்பு எடுத்தது. பஸ் எங்கே போகிறது என்று நடத்துனரிடம் கேட்காமல் ஏறினேன். அலுவலகத்தில் முதல் கோப்பை வாசிக்காமல் ஒப்பமிட்டேன். திரை என்னை வெகுநேரம் பார்த்தது. பிறகு, சரி என்றது.

முதல் நாள் எல்லோருடைய திரையும் அடிக்கடி நின்றது. இரண்டாம் நாள் குறைந்தது. நான்காம் நாளிலிருந்து முப்பத்தொரு திரைகளும் நம்பின. ஒருவர் வந்து தன் வீட்டு மூன்றாம் மாடியில் கிணறு இருக்கிறது என்றார், பதிவானது. ஒரு அம்மாள் தன் கிணற்றைத் தங்கை அவள் ஊருக்கு எடுத்துப் போய்விட்டாள் என்று புகார் கொடுத்தார்; கிணறு தங்கை ஊருக்கு மாற்றப்பட்டது. நிலுவை என்ற சொல் அலுவலகத்தில் இல்லாமல் போனது.

"சார், இப்படியே இருந்துடுங்க சார்" என்றாள் ஜெசிந்தா. "நாலரைக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடுறேன். என் வீட்டுக்காரரு, உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களான்னு கேக்குறாரு."

"நான் இப்படி இருந்தா முப்பதாம் தேதிக்கு மேல இங்க இருக்கமாட்டேம்மா."

"ஆமாமில்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எங்களுக்கு யாரு சார்?" என்றாள்.

எனக்கு வேறொரு கவலை இருந்தது. நான் உண்மையிலேயே நம்புகிறேனா, அல்லது நம்புகிறவனைப் போல இருக்கிறேனா? கதவை இழுத்துப் பார்க்கவில்லைதான். ஆனால் தெருமுனைவரை கதவையே நினைத்துக்கொண்டு நடந்தேன். ஆறாம் நாள் பாதித் தெருவில் மறந்தேன். பத்தாம் நாள் பூட்டினேனா என்பதே நினைவில் இல்லை. பன்னிரண்டாம் நாள் கோதண்டம் தன் பெண்ணுக்கு வரன் வந்திருப்பதாகச் சொன்னார், நான் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்குப் போனபிறகும் சந்தோஷமாகவே இருந்தேன். அப்போதுதான், முடியும்போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முப்பதாம் தேதி பத்து மணிக்கு உவமை ஆய்வாளர் வந்தார். சச்சிதானந்தம் என்று பெயர். நரைத்த மீசை, துணிப்பை, பைக்குள் ஒரு டேப், ஒரு சிறிய கண்ணாடி, சாப்பாட்டு டப்பா. என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் தோளை அளந்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"நான் பாத்த உவமானங்கள்லயே நீங்கதான் நல்லாப் பராமரிக்கப்பட்ட உவமானம்" என்றார். "போன வாரம் ஒரு ஆலமரம். பக்கத்துலயே போக முடியல, அவ்வளவு கோவம் அதுக்கு. அதுக்கு முன்னாடி அரக்கோணத்துல ஒரு தவில்காரர். வாசிப்ப விட்டே எட்டு வருஷம் ஆச்சாம். யாருக்கும் தெரியாது."

பிறகு கேள்விகளை ஆரம்பித்தார். அவருடைய பையில் ஒரு யானை இருக்கிறது என்றார். இருக்கும் என்றேன். நேற்று செவ்வாய்க்கிழமை என்றார். அன்றைக்கே செவ்வாய்க்கிழமைதான், இருந்தாலும் சரி என்றேன். எல்லாத் திரைகளும் சரி என்றன. வேதரத்தினம் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நண்பகல்வரை நாற்பது கேள்விகள் கேட்டார். நாற்பதையும் நம்பினேன். எந்தக் கேள்வியிலும் கையில் அரிப்பு எடுக்கவில்லை.

சச்சிதானந்தம் சான்றிதழை எடுத்து, என் பெயரை எழுதி, 'இவர் தம் இயல்பில்' என்பதுவரை எழுதினார். அப்போது என் போன் அடித்தது. எடுக்கலாமா என்று பார்த்தேன். எடுங்க, எடுங்க என்று கையைக் காட்டினார்.

"என்னங்க" என்றாள் உலகம்மாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. எங்கோ படியேறிக்கொண்டிருந்தாள். "சாவிய வாங்கிட்டேன். மாடி வீடு. ரெண்டு ரூம்பு. மேலருந்து பாத்தா மலை தெரியுது. நீங்க சொல்லட்டும்னு காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் என்னமோ தோணிச்சு, இந்தத் தடவ வந்திருவாகன்னு. நம்பி வாங்கிட்டேன்."

பதினொரு ஆண்டுகளில் அவள் இவ்வளவு மகிழ்ச்சியாகப் பேசி நான் கேட்டதில்லை. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். மலை எந்தப் பக்கம் தெரிகிறது என்று கேட்டிருக்கலாம்.

"நெசமாவா?" என்றேன்.

போனில் படியேறும் சத்தம் நின்றது. அலுவலகத்தில் முப்பத்தொரு திரைகளும் ஒரே நேரத்தில் ஒரு முறை இருண்டு வெளுத்தன. ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில், உண்மையாகவா என்று இருந்தது. ஜெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். சச்சிதானந்தம் எழுதியதைக் கீழே வைத்து, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"சாப்பிட்டுடலாமா?" என்றார்.

இருவரும் சாப்பிட்டோம். நான் தயிர்சாதம். அவர் தன் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு வடகம் வைத்தார். பிறகு நினைவு வந்து திரும்ப எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் என் கோப்பை நிதானமாகப் படித்தார். இடமாற்ற ஆணை ரத்தாகவில்லை. எனவே ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும். உவமானம் நகரக் கூடாது. எனவே நான் போக முடியாது. இந்த மாதிரி நேரங்களில், உவமானத்தை ஒத்திருப்பவற்றில் எது அதிகம் ஒத்திருக்கிறதோ அதை அனுப்புவது வழக்கம் என்றார். ஒவ்வொரு திரையாக என் முகத்தோடு வைத்துப் பார்த்தார். என்னுடைய திரைதான் தேர்வானது. அது என்னோடு அதிக நேரம் இருந்திருக்கிறது, மற்றவை தூரத்திலிருந்து பார்த்தவைதானே என்றார்.

மறுநாள் மாலை அதற்குப் பிரிவுபசாரம் நடந்தது. காராபூந்தி, மைசூர்பாகு. வேதரத்தினம் பொன்னாடை போர்த்திவிட்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த அலுவலகத்தின் தூணாக இருந்தவர் என்று பேசினார். திரை அதை நம்பவில்லை. நம்பவில்லை என்பதை மரியாதையாகக் காட்டிக்கொண்டது. என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார், போகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும் என்றேன். ஜெசிந்தா அழுதாள். கோதண்டம் அதைப் பழைய போர்வையில் சுற்றி, தென்காசி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் வைத்து, துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். பொறுப்பேற்றுக்கொண்டது என்று மூன்றாம் நாள் கடிதம் வந்தது.

எனக்கு வேறு திரை கொடுத்தார்கள். இரண்டு வாரம் நான் உலகம்மாளுக்குப் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. கீழ் வீட்டைப் பிடித்துக்கொண்டாளா, மாடி வீட்டிலேயே இருக்கிறாளா என்று தெரியவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருப்பதால்தான் அப்படி நினைக்கிறேனோ என்று நினைத்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூப்பிட்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. மலைக்காற்றில் ஏதோ ஒரு கதவு லேசாக அடித்துக்கொண்டது. மாடி வீடுதான்.

"யாரு?" என்றாள். மிகவும் தணிந்த குரலில் பேசினாள்.

"நாந்தான்."

பிறகு வேறு அறைக்கு நடந்துபோகும் காலடிச் சத்தம் கேட்டது.

"சத்தமாப் பேசாதிய" என்றாள். "இவுக கொண்டாந்த பழைய போர்வையப் போத்திக்கிட்டு இப்பத்தான் கண் அசந்தாக. எந்திரிச்சதும் பேசச் சொல்லுதேன்."

சரி என்று சொல்லி, சத்தம் கேட்காமல் போனை வைத்தேன்.